வளைந்த குழாய்க்கு ஒரு முட்டு

உச்சிப்புளியை விட்டு ராமநாதபுரம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தார் இளகிக் கிடந்த வெயில். கொஞ்ச தூரம் தாரில் நடப்பார், சூடு தாங்காமல் ஓரத்து மணலில் இறங்குவார், மணலும் சுடும், மறுபடி தாரில் ஏறுவார். கையில் ஒரு கருவேலங்கட்டை வைத்திருந்தார். முழங்கை நீளம் இருக்கும், ஒரு முனை ஆப்பு மாதிரி சீவியது. கொடுங்கய்யா, நான் கொண்டுவாரேன் என்றேன். காதில் விழாதவர் போல நடந்தார்.

அவருடைய மகனைக் கூட்டாளி ஒருவனுடைய காரில் போட்டு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பின் சீட்டில் மகனைக் கிடத்தி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பட்டறை பாய் உட்கார்ந்துவிட்டார். முன்னால் மகனின் கூட்டாளிகள் ஏறிக்கொண்டார்கள். பெற்றவருக்கு இடம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கார் போய்ப் புழுதி அடங்கும்வரை நின்றார். பிறகு நடக்க ஆரம்பித்தார். சாயங்கால ரயிலுக்கு வெகுநேரம் இருந்தது. ஸ்டேஷனில் உட்கார்ந்து காத்திருக்க அவரால் ஆகாது என்பது எனக்குத் தெரிந்தது. நானும் கூடவே நடந்தேன்.

"ஏலே, மூச்சு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுய்யா."

"நீயே பாத்தியா?"

"மூக்குல கைய வச்சுப் பாத்தேன்யா. சூடா வந்துச்சு."

தலையை ஆட்டிக்கொள்வார். ஒரு பர்லாங்கு நடந்ததும் மறுபடி அதையே கேட்பார். நானும் அதையே சொல்வேன்.

அவர் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் பட்டறையில் அவருக்கு முட்டுக்கார அய்யா என்றுதான் பெயர். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் நஞ்சை வைத்திருந்த குடும்பம். உயரமான ஆள். உயரமானவர்கள் நிலைவாசலில் குனிவது போல அவர் எந்த வாசலிலும் குனிந்து நுழையமாட்டார். முதலில் வெளியே நின்று நிலையின் மேல்கட்டையை அண்ணாந்து பார்ப்பார், உள்ளங்கையால் சுவரைத் தட்டுவார், சத்தத்தைக் கேட்பார், பிறகுதான் உள்ளே கால் வைப்பார். ஒரு பொருள் நிற்கிறது என்றால் அது விழப்போகிறது என்றுதான் அவருக்குப் படும். எங்கே விழும், யார்மேல் விழும் என்று பார்த்துவிட்டு அதற்கு ஒரு முட்டுக் கொடுத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

நான் அந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாம்பனில் மூட்டை தூக்கினேன், ஹோட்டலுக்குத் தண்ணீர் சுமந்தேன், உப்பளத்தில் ஒரு கோடை முழுவதும் நின்றதில் பாதம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. புண் ஆறும்வரை உப்பு படாத வேலை ஏதாவது வேண்டும் என்று ராமநாதபுரத்துக்கு நடந்து வந்தபோது பாய் சேர்த்துக்கொண்டார். பாய் கொழும்பில் தொழில் பழகியவர். லாரியும் பஸ்ஸும் பார்ப்பார், கேஸ் வெல்டிங் வைத்திருந்தார். எனக்குக் கூலி, இரண்டு வேளை சாப்பாடு, படுக்கக் கொட்டகை.

முட்டுக்கார அய்யா முதன்முதலில் வந்தபோது மகனுடைய கார் கொட்டகைக்குள்தான் நின்றது. காரைப் பார்க்கவில்லை. கொட்டகையின் நடுக்காலைத் தட்டிப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்.

"பாய், இந்தக் காலு எம்புட்டு நாளா நிக்கிது?"

"நான் வந்த நாள்ல இருந்து நிக்கிதுங்க."

"அடியில செல்லு அரிச்சுப்போச்சு."

"நிக்கிற வரைக்கும் நிக்கட்டும்யா. நீங்க வந்த விசயத்தச் சொல்லுங்க."

"இது விழுந்தா யாரு மேல விழும்?"

பாய் என்னைக் காட்டினார். "இவன் மேல. இவந்தான் இதுக்கடியில படுக்குறவன். கேக்க ஆளில்லாத பய, நீங்க கவலைப்படாதீக."

பட்டறையே சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது பஸ்ஸின் கூரையிலிருந்து கவட்டை உள்ள ஒரு மரத்தை இறக்கினார்கள். அவரே குழி தோண்டினார், கவட்டையை உத்தரத்துக்குக் கொடுத்து நிறுத்தினார், மண்ணை மிதித்து இறுக்கினார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, "இனிமே பயப்படாமத் தூங்குலே" என்றார். அதுவரை நான் பயப்படாமல்தான் தூங்கினேன். அதற்குப் பிறகுதான் படுத்தவுடன் மேலே பார்க்கும் பழக்கம் வந்தது.

மகன் மதுரையில் படித்தவன். நல்ல பையன், வாய் அதிகம். தகப்பனாரைப் போல நடித்துக் காட்டுவான். கல்யாண வீடு ஒன்றில் பந்தல் கால் ஆடுகிறது என்று பந்தி முடியும்வரை அவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாராம்.

"மாப்பிள்ள வீட்டுக்காரக இவரைச் சமையக்காரன் ஆளுன்னு நெனச்சு வாளியக் கையில குடுத்துட்டாக பாய். அய்யா என்ன செஞ்சாகன்னு நெனைக்கிறீக? ஒரு கையில பந்தக்காலு, ஒரு கையில சாம்பாரு. கால விடவே இல்லையே!"

இதைச் சொல்லும்போது அவர் பக்கத்திலேயே நிற்பார். "கயிறு சரியாக் கட்டலலே" என்பார், அவ்வளவுதான்.

மகன் அந்தக் காரை வாங்கியது ஓட்டப் பந்தயத்துக்காக. வெள்ளைக்காரன் ஒருவன் நாட்டை விட்டுப் போகும்போது விட்டுப்போன பழைய சின்னக் கார். கை மாறிக் கை மாறி இவனிடம் வந்தது. யுத்தத்தின்போது விமானம் இறங்க உச்சிப்புளிப் பக்கம் போட்ட சிமெண்டுத் தரை சும்மா கிடந்தது. அதை எங்கள் பக்கம் ஏரோட்ராம் என்பார்கள். மதுரை, காரைக்குடிப் பக்கத்துப் பணக்காரப் பிள்ளைகள் சிலர் அங்கே கார்களைக் கொண்டுவந்து யார் வேகம் என்று ஓட்டிப் பார்ப்பது என்று தீர்மானித்திருந்தார்கள். கனம் குறைய வேண்டும் என்று மகன் பின் சீட்டைக் கழற்றினான், கதவு உள்துணியைக் கிழித்தான், தரைவிரிப்பை எறிந்தான். அவர் ஒவ்வொரு நாளும் வந்து, கழற்றிப் போட்டதைச் சுற்றி நடந்து பார்த்தார். கடைசியில் கூரைத் தகரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது உள்வாங்கி வெளியே வந்தது.

"பாய், இது கவுந்தா?"

பாய் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"கவுந்தா இந்தத் தகரம் தாங்குமா?"

"தாங்காதுய்யா."

"அப்ப என்ன செய்ய?"

பாய் யோசித்துவிட்டு, கொழும்பில் பந்தயக் கார்களுக்குள் இரும்புக் குழாயில் கூண்டு மாதிரி ஒன்று வைத்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். உச்சி, நாலு கால், குறுக்குச் சட்டம். தகரம் நசுங்கினாலும் கூண்டு நசுங்காது. இதைக் கேட்டதும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். தன்னைப் போல யோசிக்கிற ஆட்கள் கடல் தாண்டியும் இருக்கிறார்கள் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

போகாதே என்று மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நான் நினைத்ததுண்டு. அதற்கு விடை அன்று நடந்து வந்த வழியில், வாலாந்தரவையில் கிடைத்தது. அங்கே ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். அவர் சொம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார், பாதி சட்டையில் போனது. வேலியோரம் உட்கார்ந்தார். கட்டை மடியில்.

"எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான்லே."

"பாய் சொன்னாருய்யா."

"பாய்க்கு என்ன தெரியும். மாட்டுத் தொழுவுச் சுவரு பிதுங்கி நின்னுச்சு. பாத்தேன். நாத்து நட்டுட்டு முட்டுக் குடுப்பம்னு இருந்தேன். அன்னைக்கு மழை. நாந்தான் சொன்னேன், போயி கன்னுக்குட்டிய அவுத்துட்டு வாடான்னு." கட்டையைத் தடவிக்கொண்டே, "கன்னுக்குட்டி தப்பிச்சிருச்சு" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டாமவனிடம் போ என்றும் சொல்வதில்லை, போகாதே என்றும் சொல்வதில்லை என்றார். "எஞ் சொல்லுக்கு ஒரு புள்ளையக் குடுத்துட்டேன். இவனுக்குச் சொல்லு வேணாம், வேற எது வேணும்னாலும் செய்யிறேன்னு இருந்துட்டேன்."

கூண்டு செய்த நாட்களில் அவர் ஊருக்கே போகவில்லை. சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு காலையில் பாய்க்கு முன்னால் வந்துவிடுவார். குழாயை அப்படியே சூடாக்கி வளைத்தால் வளைவில் ஒடுங்கிப்போகும். உள்ளே மணலைக் கெட்டித்து, இரண்டு முனையையும் மரக்கட்டையால் அடைத்து, பிறகு கரி நெருப்பில் வைத்து வளைக்க வேண்டும். கடற்கரை மணல் உதவாது. அதில் உப்பு இருக்கும், உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சூட்டில் ஆவி அடைத்துக் குழாய் வெடிக்கும். இதைப் பாய் சொன்னதும் வைகை மணலை மூட்டையில் கொண்டுவந்து இறக்கினார். அதையும் நம்பவில்லை. பட்டறைக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, இரும்புச் சட்டியில் மணலைப் போட்டுக் கடலை வறுப்பது போல வறுக்க உட்கார்ந்துவிட்டார். நஞ்சைக்காரர், கழுத்தில் சங்கிலி போட்டவர், அடுப்பை ஊதிக்கொண்டு மணல் வறுப்பதைத் தெருவே வந்து பார்த்தது.

"என்னங்கய்யா, வறுத்தது வெந்துருச்சா? உப்புப் பாத்தீகளா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"உப்பு இருக்கக் கூடாதுன்னுதான் வறுக்குறேன்" என்றார் இவர், திரும்பாமல்.

பின்கால்கள் சிரமமில்லாமல் இறங்கின. தகராறு முன்கால்களில் வந்தது. கண்ணாடி ஓரமாக இறங்கும் குழாய் நேரே தரைக்குப் போக வேண்டும். நடுவில் டேஷ்போர்டு குறுக்கே நின்றது. மெருகு போட்ட மரப்பலகை. கடிகாரம் மாதிரி மூன்று மீட்டர்கள் அதில் பதித்திருந்தன. பலகையின் இரண்டு ஓரத்தையும் ஒரு கையகலம் அறுத்துவிட்டால் குழாய் நேராக இறங்கிவிடும் என்றார் பாய். மகன் ஒத்துக்கொள்ளவில்லை.

"எல்லாத்தையும் பிச்சு எறிஞ்சாச்சு பாய். கார்னு சொல்லிக்க இந்தப் பலக ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. இதுல ரம்பத்த வச்சா நான் காரையே வேணாம்னுட்டுப் போயிருவேன்."

"தம்பி, பலகையா பெருசு?"

"வளைச்சுக் கொண்டு போங்க. உங்களுக்குத் தெரியாத வளைவா?"

பாய்க்கும் அந்தப் பலகைமேல் ஆசை இருந்தது. வேலை கடினம் என்றால் அவருக்கு ஒரு வீம்பும் உண்டு. டேஷ்போர்டின் விளிம்பைச் சுற்றி உள்பக்கமாக, ஓட்டுகிறவன் முழங்காலுக்கு அருகே வந்து, பிறகு தரைக்கு இறங்குகிற மாதிரி இரண்டு குழாய்களையும் வளைத்துப் பற்றவைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பலகையில் ஒரு கீறல் விழவில்லை.

அய்யா குனிந்து அந்த வளைவை விரலால் தடவினார்.

"நேரா நிக்காதது எப்படி முட்டாகும் பாய்? இங்கனதான் ஒடியும்."

"ஒடியாதுய்யா. ரொம்பப் போனா நெளியும்."

"நெளிஞ்சா?"

"நெளிஞ்சா தம்பிக்கு முழங்கால்ல இடிக்கும். கட்டுப் போட்டுக்கலாம். தலைக்கு ஒண்ணும் வராது, இன்ஷா அல்லா."

"வளைவுக்கு அடியில ஒரு கட்டையக் குடுத்து இறுக்கிருவமே. கருவேலங்கட்டை. தாங்கும்."

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "அய்யா, இது வாழைமரம் இல்ல, காத்துக்கு முட்டுக் குடுக்க. இது ஓடுற சாமான். குதிக்கும், அதிரும். ஓடுற சாமான்ல சொருகுன கட்டை நிக்காது. எறங்கி வாங்க."

அவர் வாதாடவில்லை. ஆனால் மறுநாள் நாங்கள் வேலைக்கு இறங்கியபோது காருக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். தலைப்பாகையை இறுக்கிக் கட்டியிருந்தார். இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் நாலைந்து பேர் வடக்கயிறோடு வெளியே நின்றார்கள்.

"கவுத்துங்கலே" என்றார்.

பாய் ஓடினார். "என்னய்யா இது?"

"நான் உள்ள இருக்கேன். கவுத்துப் பாருங்க. தாங்குனா அவன் ஓட்டட்டும்."

"ஒங்களுக்குப் பைத்தியமா?"

"எனக்கு என்ன பாய், வயசு ஆச்சு. கவுத்துங்கலே, ஏலே, கயித்தப் போடு."

ஆட்கள் பாயைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், கயிற்றைப் பார்த்தார்கள். அந்த நேரம் மகன் தன் கூட்டாளிகளோடு வந்துவிட்டான். கூட்டாளிகள் சிரித்தார்கள். மகனும் முதலில் சிரித்தான். பிறகு அவர் இறங்கவில்லை என்றதும் முகம் சிவந்துவிட்டது.

"எறங்குங்கய்யா."

அவர் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எறங்குங்கன்னு சொல்றேன்ல? என்னத்துக்கு இப்படி மானத்த வாங்குறீக?"

இறங்கினார். உயரமான ஆள் அந்தச் சின்னக் காரிலிருந்து, கூண்டுக் குழாய்களுக்கு நடுவே காலை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு இறங்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் கை கொடுக்கவில்லை. இறங்கி, வேட்டியைத் தட்டிவிட்டு, போய் மணல் வறுத்த அடுப்புக் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

பந்தயத்தன்று காலை காரை ஏரோட்ராமில் நிறுத்திவிட்டு நாங்கள் சுக்குக் காப்பி குடிக்கப் போயிருந்தோம். அவர் காருக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தேன். அது புதிதில்லை, எப்போதும் காருக்குப் பக்கத்தில்தான் நிற்பார். சுத்தியல் சத்தமும் கேட்டது. அங்கே எல்லாக் காரிலும் எதையாவது தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சிமெண்டுத் தரையின் இரண்டு கோடியிலும் தகர டிரம் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். முதல் சுற்று மகன் நன்றாக வந்தான். எங்களைத் தாண்டும்போது கையைக்கூட ஆட்டினான். இரண்டாவது சுற்றில் தூரத்து டிரம்மை நெருங்கும்போது கார் வேகம் குறையவில்லை. குறைக்கப் போகிறான், குறைக்கப் போகிறான் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டிரம்மைத் தாண்டி, தரையைத் தாண்டி மணலில் இறங்கியது. முன்பக்கம் மண்ணில் குத்தியது. பிறகு உருண்டது.

பாய்தான் முதலில் ஓடினார். சக்கரங்கள் மேலே பார்க்கக் கார் கவிழ்ந்து கிடந்தது. கூரைத் தகரம் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. ஆனால் குழாய் இருந்த இடத்தில் இருந்தது. வளைவு ஒடியவில்லை, நெளியவும் இல்லை. மகன் சீட்டோடு சேர்த்து இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினான், நினைவில்லை, நெற்றியில் ரத்தம். வெளியே இழுக்க முடியவில்லை. டேஷ்போர்டு உடைந்து இறங்கி இரண்டு காலையும் வளைவுக் குழாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பாய் அறுக்கச் சொன்னார். நானும் பாயும் மாற்றி மாற்றி ரம்பம் போட்டோம். நல்ல மரம், லேசில் அறுபடவில்லை.

அவ்வளவு நேரமும் அய்யா மண்ணில் மல்லாந்து படுத்து, ஜன்னல் வழியாக இரண்டு கையையும் உள்ளே கொடுத்து, மகனுடைய தலை தொங்காமல் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தார். ரம்பத்தூள் அவர் கண்ணில் விழுந்தது. துடைக்கக் கை இல்லை. கண்ணைச் சிமிட்டிக்கொண்டே கிடந்தார்.

காலை விடுவித்த பிறகு பிரேக் மிதியின் பின்னாலிருந்து பாய் ஒரு கட்டையைப் பிடுங்கி எடுத்தார். மிதியைக் கீழே போகவிடாமல் அது இறுகியிருந்தது.

"இது என்ன கட்டை?" என்றார் பாய். யாருக்கும் தெரியவில்லை.

"எங்க வீட்டுக் கட்டை பாய்" என்றார் அவர், கீழே கிடந்தபடியே.

பாய் கட்டையை மண்ணில் போட்டார். பிறகு, தூக்குங்க, காரைக் கொண்டாங்க என்று எல்லாரையும் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

ரோட்டில் அவர் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். ராமநாதபுரம் கண்ணில் தெரிய ஆரம்பித்திருந்தது.

"இறுக்கித்தாம்லே அடிச்சேன். ஆட்டிப் பாத்தேன். அசையல."

கட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"காரு நின்ன எடத்துல நல்லா நின்னுச்சுலே" என்றார்.

ஆஸ்பத்திரி வந்ததும் கட்டையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். உயிர் இருந்தது. நினைவு திரும்பவில்லை. நினைவு திரும்பி, வாய் திறந்து பேசினால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார். கால்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் தலை என்றார். அன்று ராத்திரி முழுவதும் அப்படியே போயிற்று. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

விடிந்ததும் பாய் தொழுகைக்குப் போனார். பட்டறையைக் கொஞ்ச நாள் திறக்கப் போவதில்லை, நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்று போகிற போக்கில் என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நான் பட்டறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, அய்யாவிடம் சொல்லிக்கொள்ளத் திரும்பி வந்தேன். தூத்துக்குடிப் பக்கம் போகலாம் என்று எண்ணம். வராந்தாவில் அவர் என் கையைப் பிடித்தார்.

"ஏலே, எனக்கு ஒரு வேல பாப்பியா?"

"சொல்லுங்கய்யா."

"உள்ள போயி அவங்கிட்ட உக்காரு. கண்ணு முழிச்சா மொதல்ல என் மூஞ்சியப் பாக்க வேணாம். அவன் பாத்திருப்பாம்லே, மிதிக்கும்போது குனிஞ்சு பாத்திருப்பான். நீ உக்காரு. என்ன செய்யிறான், ஏது செய்யிறான்னு வந்து வந்து எங்கிட்டச் சொல்லு. நான் இங்கனயே நிக்கிறேன்."

பையை அவர் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தேன். மகன் அசையாமல் கிடந்தான். தலையிலும் காலிலும் கட்டு. நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் வெளியே போய், மூச்சு சீராக வருகிறது என்று சொன்னேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி போய், விரல் அசைந்தது என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும், "பேசலயே?" என்று மட்டும் கேட்டார்.

வெயில் ஜன்னலுக்குள் வந்த நேரம் மகன் கண்ணைத் திறந்தான். என்னை வெகுநேரம் பார்த்தான். உதட்டை நனைத்துவிட்டேன்.

"அந்தக் கட்டை" என்றான். பிறகு, "அய்யாவா?" என்றான்.

பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

முகத்தைச் சுவர் பக்கம் திருப்ப முயன்றான், கட்டு விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

"அவர உள்ள வர வேணாம்னு சொல்லு. என் கண்ணுல முழிக்க வேணாம்னு சொல்லு."

எழுந்து வெளியே போனேன். இந்த மாதிரி சேதியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. மூட்டை தூக்கத் தெரியும், உப்பு வாரத் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லச் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன்.

"அய்யா, உங்கள உள்ள வர வேணாம்னு சொல்லச் சொன்னாரு. கண்ணுல முழிக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

"யாரு சொன்னது?"

"சின்னவருதான்யா."

"அவன் வாயால சொன்னானா?"

"ஆமாய்யா."

"திருத்தமாச் சொன்னானா? வாய் கொழறலயே? கோணலயே?"

"இல்லய்யா. திருத்தமாத்தான் சொன்னாரு."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

"ஏலே, என்ன சொன்னான்? இன்னொருக்கச் சொல்லு."

சொன்னேன்.

"இன்னொருக்கச் சொல்லுலே."